எந்தப் பெட்டி

...இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும், எவ்வளவு பெட்ரோல், தீப்பொறி எந்த நொடியில், டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கலாம், எல்லாவற்றையும் உள்ளங்கை அளவிலான இந்தக் கணினிதான் முடிவு செய்யும், அப்புறம் ஏன் ஒன்றைக் கையில் எடுத்ததும் மற்றதன் மேல் கண் போகிறது என்று தெமிஸ் தன்னையே கேட்டுக்கொண்டான். வோலோஸ் துறைமுகத்தின் பின்தெருவில் ஃபோட்டிஸின் கார் உதிரிபாகக் கடைக்குள் வெயில் பாதி மேசைவரை வந்திருந்தது. ஃபோட்டிஸ் ஐஸ் காபியை உறிஞ்சிக்கொண்டே, "சாம்பல் கலர் பெட்டி அம்மா மாதிரிடா. ஆயில் பிரஷர் இறங்கினாலோ இன்ஜின் சூடானாலோ யாரையும் கேக்காது, பவரைப் பிடுங்கிடும். கறுப்பு அப்படியில்ல, ஒரு சிவப்பு விளக்கு காட்டும், அவ்வளவுதான், மீதி ஓட்டுறவங்க பாடு" என்றான். அம்மா மாதிரி... ஆனால் வளைவின் நடுவில் அம்மா காலை வாரினால்? டயர் பிடியின் விளிம்பில் கார் தொங்கும் இடத்தில் திடீரென்று பவர் செத்தால் பின்பக்கம் சுழன்று போகாதா, பீலியோன் மலைப்பாதையில் சுழல்வதற்கு எங்கே இடம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல்வரைக்கும் ஒன்றுமில்லை. அப்படியானால் கறுப்புதான். கறுப்பைத்தான் காரை ஓட்டப்போகும் அக்காவும் கேட்டாள். காலையில் போன் செய்து, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், "டேய், என்னைக் கேக்காம ஆஃப் ஆகுற எதையும் வாங்கிட்டு வராதே" என்றாள், அது பந்தயக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான், அக்கா புருஷன் லாம்ப்ரோஸும் அப்படித்தான் சொல்வார், அதில் என்ன இருக்கிறது...

லாம்ப்ரோஸ் அத்தான் போன குளிர்காலத்தில் மருத்துவமனைக் கட்டிலில் இதயம் நின்று போனார், மலையில் இல்லை, காரில் இல்லை, சூப் குடித்துக்கொண்டிருந்தபோது. அடக்கத்துக்கு வந்தவர்கள் கொட்டகையிலிருந்த அவருடைய சிவப்புப் பந்தயக் காரை விற்றுவிடும்படி அக்கா அந்தூலாவிடம் சொன்னார்கள், அவள் தலையாட்டினாள், நாற்பதாம் நாள் கோதுமைப் பிரசாதம் கொடுத்து முடித்த மறுவாரம் அவருடைய ஹெல்மெட்டுக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், ஓட்டத் தெரியாதா என்ன. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அழுதுகொண்டே வீட்டில் கிடப்பதற்கு இது மேல் என்றார்கள், தெமிஸும் சொன்னான், பெரிய டர்போவை அவனே பொருத்தினான், பழைய கணினி அதற்குத் தாங்காது என்று அவனேதான் சொன்னான். பொருத்தியது தப்பா? இல்லை, மலைப்பந்தயத்துக்கான ஞாயிறு பயிற்சி ஓட்டம் வரைக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அன்று அவன் தேவாலயத்துக்கு மேலே இருக்கும் குதிரைலாட வளைவில், கஷ்கொட்டை மரங்களுக்குக் கீழே நின்றிருந்தான். அங்கே வருகிற ஒவ்வொரு காரும் பெருமூச்சு விடும், கால் ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போவில் அடைபட்ட காற்று உஸ்ஸென்று வெளியேறும், கண்ணை மூடிக்கொண்டே யார் எங்கே காலை எடுத்தார்கள் என்று அவனால் சொல்லிவிட முடியும். அக்கா வந்தாள். உஸ் வரவில்லை. கார் சீறிக்கொண்டே வளைவுக்குள் போனது, பின்சக்கரம் ஓரக் கல்லை உரசியது, எப்படியோ திரும்பிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள், "பொம்பளையா இவ, புலி!" என்றார்கள், அவனும் தட்டினான், காற்றடித்ததில் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தட்டினான்... காற்றா? அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

"என்னடா, பொண்ணு பாக்குற மாதிரி ரெண்டையும் பாத்துக்கிட்டே இருக்கே" என்றான் ஃபோட்டிஸ். சாம்பல் பெட்டியில் இன்னொரு வசதியும் உண்டாம், எந்த கியரில் எவ்வளவு வேகம் என்று கட்டிப்போடலாம், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம், ஓட்டுகிறவருக்குத் தெரியாது, இன்ஜின் கொஞ்சம் சோம்பலாக இருப்பதாகத்தான் தோன்றும். தெரியாதா, அவளுக்கா? அத்தான் இருமினாலே எந்தப் பக்க நுரையீரல் என்று சொன்னவளுக்கு... ஆனாலும் அதைத்தான் வாங்கினான். பை கூட வேண்டாமென்று கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தான், மலையடிவாரத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கு வண்டியைத் திருப்பும்போது மனசு லேசாகக்கூட இருந்தது, இன்று மாலை பொருத்திவிடலாம், மூன்றாவது கியரைக் கட்டிவிடலாம், ஒன்றும் பேச வேண்டியதில்லை, உட்கார்ந்து அக்கா முகத்தைப் பார்த்து எதையும் கேட்க வேண்டியதில்லை...

இரும்புக் கதவைத் தள்ளினான். முற்றம் கழுவி விட்டிருந்தது. கொட்டகையின் கதவு அகலத் திறந்து, கார் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏதோ குறைந்தது, என்னவென்று புரியச் சற்று நேரமானது, கதவு கிறீச்சிட்டதும் பாய்ந்து வந்து அவன் கால்சட்டையைக் கவ்வ வேண்டிய நாய் வரவில்லை, அத்திமரத்தடியில் சங்கிலியும் இல்லை, தண்ணீர்ச் சட்டியும் இல்லை.

"மூஸ்யா எங்கக்கா?"

அந்தூலா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது, பல மாதங்களாக அவன் பார்க்காத அளவுக்குத் தெளிவாக.

"எதிர்வீட்டுல விட்டிருக்கேன்டா. பிள்ளைங்க நல்லாப் பாத்துக்குதுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"என்னடா கேள்வி... அதுக்கும் அவங்ககிட்ட பழகணுமில்ல" என்றாள், அவன் கையிலிருந்ததைப் பார்த்து, "எதை வாங்கினே?" என்றாள்.

அவன் பெட்டியை ஈரத்தரையில் வைத்தான், நனையுமே என்று தோன்றியது, நனையட்டும். நாற்காலி ஒன்றை இழுத்து அவளுக்குப் போட்டான். அவள் உட்காரவில்லை. வளைவில் வராத அந்த உஸ், இப்போது இந்த நாய், கேட்க வேண்டியது நாக்கில் வந்து நின்றது, அதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

"உக்காருக்கா" என்றான்.