சின்ன மாத்திரை

படிக்கட்டில் மேற்பார்வையாளர் பாக்யோவின் செருப்புச் சத்தம் கேட்டதுமே ருக்கியா தன் தட்டை மகள் பக்கம் தள்ளினாள். மகள் லாரஸின் தட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். ருக்கியா சுத்தம் செய்த, சூப்புக்காக விற்கப்படும் குருவிக்கூட்டில் ஓர் இறகுத் துணுக்குகூட இல்லை. லாரஸின் கூடு காலையில் தண்ணீரில் ஊறப்போட்டபடியே கிடந்தது. இடுக்கியைத் தொடாமல் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

"தள்ளுனதத் திருப்பித் தள்ளு ருக்கியா. நான் என்ன குருடனா?"

"உங்களுக்கா கண்ணு தெரியாது? எங்க கூலி மட்டுந்தான் தெரியாது," என்றாள் பக்கத்து மேசை துமினி. பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள்.

பாக்யோ சிரிக்கவில்லை. "போன மாசம் இவ கை ஆடுன ஆட்டத்துல எவ்வளவு கூடு கிழிஞ்சுது? முதலாளி என்னைத்தான் காய்ச்சுறாரு. இப்ப என் கண்ணு முன்னால இவளே இறகை எடுக்கட்டும். கை ஆடுச்சுன்னா சாப்பிட்டுட்டு அப்படியே வீட்டுக்குப் போகட்டும்."

வீடென்றால் ஓர் அறை. பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. போன வருஷம் லாரஸின் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது, அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுத்தான் ருக்கியா வேலைக்கு வந்தாள். கதவைத் தட்டித் தட்டி மகளின் விரல் முட்டிகள் தோலுரிந்து கிடந்தன. பிறகு சுகாதார நிலையத்தின் பெரிய மாத்திரை குரல்களை அடக்கியது. கூடவே கையும் நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்தைக் குறைக்க ஒரு சின்ன மாத்திரை இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்திருந்தார்.

"எடும்மா," என்றாள் ருக்கியா. இடுக்கியை மகளின் பக்கம் நகர்த்தினாள்.

லாரஸ் இடுக்கியை எடுத்தாள். விளக்கடியில் குனிந்து, ஈர இழைகளுக்கு நடுவே சிக்கியிருந்த மயிரளவு இறகைப் பிடித்து உருவினாள். இழை அசையவில்லை. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"அட!" பாக்யோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன மந்திரம் போட்ட?"

"டாக்டர் இன்னொரு சின்ன மாத்திரையும் சேத்துக் குடுத்தாருங்க ஐயா," என்றாள் ருக்கியா.

"இத மொதல்லயே குடுத்துத் தொலைச்சிருக்கலாமே." அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மதியம் இலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே துமினி நெருங்கி உட்கார்ந்தாள். "அக்கா, அந்தச் சின்னது எங்க கிடைச்சுது? என் தம்பிக்கும் கை ஆடுது. சோறு வாய்க்குப் போறதுக்குள்ள பாதி மடியில. நேத்து சுகாதார நிலையத்துல கால் கடுக்க நின்னேன். சின்னது இன்னும் வரல, பெரியத மட்டும் வாங்கிட்டுப் போன்னு விரட்டிட்டாங்க."

"தெரிஞ்சவங்க மூலமா..." ருக்கியா ஒரு தெம்பே சோயாத் துண்டை எடுத்து மகளின் இலையில் வைத்தாள்.

"எனக்கும் சொல்லி வையக்கா. புண்ணியமாப் போகும்."

ருக்கியா தலையாட்டினாள்.

மேல்மாடியில் குருவிகளைக் கூடு கட்ட அழைக்கும் ஒலிப்பதிவு, நாள் முழுக்க ஓடுவதுபோல், கீச்கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. லாரஸ் சோற்றை விட்டுவிட்டுக் காதைச் சாய்த்தாள். முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது.

"அம்மா, மாடில இருக்கறவங்க இன்னைக்கு என்னைத் திட்டல. கை நல்லா நிக்குதுன்னு சொல்றாங்க."

"சாப்பிடும்மா. மணியடிக்கப் போறாங்க."

ருக்கியாவின் கை தானாக இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தது. அவளுக்கும் சின்ன மாத்திரை கிடைத்திருக்கவில்லை. முடிச்சுக்குள், இரவுதோறும் மகளுக்குக் கொடுக்காமல் எடுத்து வைத்த பெரிய மாத்திரைகள் ஒன்றோடொன்று உரசின.