காற்றோட்டமான வீடு

காலை எட்டு மணிக்குத் தரகர் ராஜாங்கத்தின் ஆள் வந்து, பத்து மணிக்கு வீடு பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். செல்வாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஏறினாள். மகளைக் கொட்டகைக்கு இறக்க வேண்டும்.

இது ஏழாவது தடவை. அமிர்தவல்லிக்கே எல்லாம் பழகிவிட்டது. அம்மா வருவதற்குள் எழுந்து உட்கார்ந்து, தலையணை உறையைக் கழற்றி, எச்சில் கிண்ணத்தை மூடி வைத்திருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். படி இறங்கும்போது அவள் பாரம் செல்வாம்பாளின் தோளில் தெரியவே இல்லை.

தோட்டத்தின் கோடியில், முன்பு குதிரை வண்டி நிறுத்திய இடம்தான் கொட்டகை. தகரக் கூரை. ஜன்னல் கிடையாது. பாயை விரித்து, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும் மடித்த துண்டும் வைத்தாள். இருமல் வந்தால் வாயில் அடைத்துக்கொள்ள அந்தத் துண்டு.

"எவ்ளோ நேரம்மா?"

"அரை மணி நேரம் கண்ணு. பாத்துட்டுப் போயிடுவாங்க."

"போன வாரமும் அரை மணின்னுதான் சொன்ன. அந்தம்மா ஒவ்வொரு ஜன்னலா தொறந்து மூடிட்டு இருந்துச்சு. இவங்களாவது வாங்கித் தொலைக்கட்டும்." அமிர்தவல்லி சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

செல்வாம்பாள் கதவைச் சாத்தி வெளியே பூட்டினாள். வருகிறவர்கள் தெரியாமல் திறந்துவிடக் கூடாது என்பது கணவர் கிருஷ்ணசாமியின் உத்தரவு.

கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த அந்த வீட்டை, ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கிருஷ்ணசாமி வாங்கியபோது துறைமுகத்தில் அவர் பெயருக்கு மதிப்பு இருந்தது. தீர்வையில்லாமல் வந்து இறங்கிய சென்ட்டும் கைக்கடிகாரமும் அவரை வளர்த்தன. பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருடத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. மிஞ்சியது வீடு ஒன்றுதான். அதை விற்கலாம் என்று முடிவு செய்த மாதத்தில் மகளுக்குச் சாயங்காலக் காய்ச்சல் தொடங்கியது. பிறகு சளியில் இரத்தம் வந்தது.

"சயரோகம்னு ஒரு வாய்க்குத் தெரிஞ்சா போதும், ஒருத்தன் வாசப்படி ஏறமாட்டான். பத்திரம் முடியட்டும். மறுநாளே தாம்பரம் டி.பி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் கிருஷ்ணசாமி. சொல்லி மூன்று மாதம் ஆகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. அங்கே போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். செல்வாம்பாளும் தலையாட்டினாள்.

பத்து மணிக்குக் கார் வந்தது. பலராமன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு திரும்பியவர்; ஊர் வழக்கில் சொல்தா. கூடவே மனைவி சொர்ணம்.

"தூணைத் தட்டிப் பாருங்க முசியே. இரும்பு!" என்றார் ராஜாங்கம்.

"இருபது வருசம் கூடாரத்துல படுத்தவன்யா நானு. தூணப் பத்தி எனக்கு என்னா தெரியும்? எங்க வீட்டு ஜெனரலக் கேளு" என்று பலராமன் மனைவியைக் காட்டினார்.

சொர்ணம் மாடி அறையில் வெகுநேரம் நின்றாள். மூன்று பக்கமும் ஜன்னல். கடற்காற்று திரையைத் தூக்கியது.

"இவ்ளோ நல்ல ரூம்புல யாரும் படுக்கிறதில்லியா?"

"நாங்க ரெண்டே பேருதாம்மா. கீழயே படுத்துக்குவோம்" என்றார் கிருஷ்ணசாமி.

ரெண்டே பேர். செல்வாம்பாள் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே விலை பேச உட்கார்ந்தார்கள். பதினொன்று அடித்தது. வெயில் ஏறியது. காப்பி கொண்டுவரும்போதெல்லாம் அவள் காது தோட்டத்துப் பக்கமே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. நல்லவேளை, இன்றைக்கு இருமல் அடங்கியிருக்கிறது என்று நினைத்தாள். பதினொன்றரை ஆனது. எழுந்தாள். கிருஷ்ணசாமி கண்ணாலேயே உட்கார் என்றார். உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருமுகிற பெண். எப்படி அடங்கும்?

தட்டை அப்படியே வைத்துவிட்டு அவள் ஓடினாள்.

"செல்வா!" என்று அதட்டியவர், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பின்னால பூனை குட்டி போட்டிருக்கு. அதுங்க மேல உசிரு அவளுக்கு."

பூட்டில் சாவி நுழையவில்லை. திருப்பிப் போட்டாள். திறந்தபோது உள்ளிருந்த வெக்கை முகத்தில் அறைந்தது. அமிர்தவல்லி ஒருக்களித்துக் கிடந்தாள். வாயில் துண்டு இருந்தது. வெள்ளைத் துண்டு முழுக்கச் சிவந்து, பாயிலும் ஊறியிருந்தது. அப்போதும் அவள் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.

செல்வாம்பாளின் அலறல் கேட்டு முதலில் ஓடிவந்தவள் சொர்ணம்தான். துண்டை உருவினாள். தலையைத் தன் மடியில் சாய்த்து வாயைத் துடைத்தாள். "ஏங்க, தூக்குங்க! காரை எடுக்கச் சொல்லுங்க!"

"சாதாக் காய்ச்சல்தாம்மா..." என்றார் கிருஷ்ணசாமி.

"எனக்கா தெரியாது? சைகோன்ல எனக்கும் இதேதான். ஒன்றரை வருசம் ஊசி, மாத்திரை. இப்ப உங்க மாடிப்படி ஏறி எறங்கல? நல்லா காத்து வர்ற வீடாப் பாருங்கன்னு டாக்டர் சொன்னதாலதான் இந்தத் தெருவுல வீடு தேடறோம். நீங்க அந்த ரூம்ப எனக்குக் காட்டிட்டு, புள்ளைய இங்க போட்டு வெச்சிருக்கீங்களே!"

ஆஸ்பத்திரி போய்ச் சேர நாலு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். இரத்தம் மூச்சுக்குழாயை அடைத்து உயிர் போய்விட்டது என்றார்.

"எத்தினி நாளா இருமல்?"

"நாலு மாசமா" என்றாள் செல்வாம்பாள்.

"முதல் மாசமே வந்திருந்தா மருந்து கேட்டிருக்கும்மா." 

கிருஷ்ணசாமி சுவரோரம் குந்திவிட்டார். ராஜாங்கம் செல்வாம்பாளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நடந்தது நடந்துபோச்சும்மா. தெருவுல கேட்டா மஞ்சக்காமாலைன்னு சொல்லிடுங்க. நாளைக்கி வீட்டுக்கு ஒரு பேரு வந்துடக்கூடாது பாருங்க."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தாழ்வாரத்தில் டாக்டரைப் பார்க்கும் சீட்டுக்காக நாற்பது ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அந்நிய ஆண்கள் எதிரில் வாய் திறந்து பழகாத செல்வாம்பாள் அவர்கள் நடுவே போய் நின்றாள்.

"எம் பொண்ணுக்கு சயரோகம். மருந்து இருக்கிற வியாதி. வீடு விலை போகணும்னு நாங்க மறைச்சோம். எங்க கையாலயே பூட்டி வெச்சோம். அவளக் கொன்னது வியாதி இல்ல, நாங்க பட்ட வெக்கம். உங்க வீட்டுல யாராவது இருமுனா மறைக்காதீங்க. இங்க கூட்டிட்டு வாங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி விலகினார்கள். செல்வாம்பாள் அந்த இரண்டடியும் முன்னால் நகர்ந்து, மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.