கிழியாத புழு

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் எங்கள் ஊர் ஏரியில் ஒரு விராலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மதகுக்குக் கிழக்கே, கருவேல நிழல் விழுகிற இடத்தில் அந்த விரால் நிற்கும். எங்கள் ஊரில் பல வீடுகளில் இப்படி ஒருவர் போயிருக்கிறார். வீட்டில் மனஸ்தாபம் வந்தால், அல்லது ஒன்றுமே வராமல் வெறுமனே அலுத்துப்போனால், கரைக்குப் போய்விடுவார்கள். விரால் வரும், உள்ளே போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் மின்விசிறியை மூன்றில் வைப்பதா நாலில் வைப்பதா என்பதில் ஆரம்பித்தது. நாலில் வைத்தால் அவருக்குத் தோள் பிடித்துக்கொள்ளுமாம். மூன்றில் வைத்தால் எனக்கு வேர்த்துக் கொட்டும். இதற்கெல்லாம் ஒரு மனுஷன் மீனுக்குள் போவானா என்று கேட்டால், போனார், அவ்வளவுதான்.

போனவர்களோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசலாம். தூண்டிலில் ரப்பர் புழுவைக் கோத்து இறக்க வேண்டும். மீன் அதைக் கவ்விக்கொண்டிருக்கும் வரை உள்ளே இருப்பவர் பேசுவது தூண்டில் நரம்பு வழியாக ஏறி வரும். கம்பின் அடியைக் காதில் வைத்தால் கேட்கும். வாயில் வைத்தால் நாம் பேசலாம். நிஜ மண்புழு உதவாது. அதை மீன் தின்றுவிடும், வாயில் தீனி இருக்கும்போது யாராலும் பேச முடியாது. ரப்பரைத் தின்னவும் முடியாமல் துப்பவும் மனசு வராமல் மீன் கொஞ்ச நேரம் நிற்கும் பாருங்கள், அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு. பிறகு புழு கிழிந்துவிடும். கிழிந்தால் பேச்சும் போச்சு, அன்றைக்கு அந்த மீன் வேறு புழுவைத் தொடாது. அடுத்த ஞாயிறு வரை வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

முதல் ஞாயிறு அவர் "கனகு, சாப்ட்டியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் புழு இரண்டாகப் போய்விட்டது. சண்டை போட்டுக்கொண்டு போன மனுஷன் முதல் வார்த்தையாக இதைக் கேட்கிறாரே என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து மின்விசிறியை மூன்றில்தான் வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து வேறு பேச்சு. "ஒண்ணு சொல்லணும்ங்க" என்பார், புழு கிழியும். அதற்கடுத்த வாரமும் அதே. தண்ணீருக்குள்ளிருந்து ரப்பர் வழியாக வருகிற குரல் யாருடையதாக இருந்தாலும் ஜலதோஷம் பிடித்த மாதிரிதான் கேட்கும், ஆனால் அந்த 'ங்க' மட்டும் தெளிவாகக் கேட்டது. கல்யாணம் ஆன நாளாக என்னை வா, போ என்றே பேசியவர். தண்ணீருக்குள் போன பிறகாவது மரியாதை வந்ததே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

இப்படியே வருஷங்கள் போயின. கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பாதியை நான் எடுத்துக்கொள்வேன். கர்ப்பப்பையை எடுத்த சமாசாரத்தை அவரிடம்தான் முதலில் சொன்னேன். படுக்கையில் அவர் பக்கத்தில் நான் இன்னும் புரண்டு படுப்பதில்லை என்பதைக்கூடச் சொன்னேன். வெட்கத்தை விட்டுத்தான் சொன்னேன், புருஷனிடம் என்ன வெட்கம்? மீதிப் பாதியில் அவர் ஒண்ணு சொல்லணும்ங்க என்று ஆரம்பிப்பார், கிழிந்துவிடும்.

கரையில் எனக்குப் பக்கத்து இடம் மெஹருன்னிசாவுடையது. அவள் அண்ணன் உள்ளே இருக்கிறார். "நிஸா, பீரோ சாவி" என்று ஒரு தடவை சொன்னார், அதோடு புழு போய்விட்டது. சாவி உனக்குத்தான் என்று சொல்ல வந்தார் என்று அவளாகவே முடித்துக்கொண்டாள். கரையில் எல்லாருமே அப்படித்தான். அறுந்த பேச்சைத் தங்களுக்குப் பிடித்த மாதிரி முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நானும் முடித்துவைத்திருந்தேன். ஒண்ணு சொல்லணும், வீட்டுக்கு வந்துடறேன். வேறு என்னதான் இருக்க முடியும்? ஆனால் நானாகச் சொல்லிக்கொள்வதும் அவர் சொல்வதும் ஒன்றாகிவிடுமா? அதை அவர் வாயால் கேட்க வேண்டும். கேட்காமலே காலம் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் புழுவில் கவனம் வைத்தேன். வெண்டைக்காயையே நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் நான், புழுவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேனா? புழுக்கடை பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. ஜெபராஜ் என்பவர் நடத்துகிறார். என்னைத் தூரத்தில் கண்டதுமே முகத்தைச் சுளிப்பார், நான் எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பேன் என்று.

உப்புப் போட்ட புழு ஒன்று உண்டு. உப்பு ருசிக்கு மீன் உடனே கவ்வும், ஆனால் உப்பு கலந்த ரப்பருக்கு உரம் கிடையாது, பொலபொலவென்று போய்விடும். கெட்டி ரப்பர் கிழியாது, ஆனால் கவ்விய வேகத்தில் மீன் துப்பிவிடும், ஒரு ஹலோகூடக் கிடைக்காது. சரி, தடிமனாக வாங்கிப் போடலாம் என்றால் எங்கள் ஏரி விரால்கள் பயந்த சுபாவம். மெல்லிசு நரம்பு, பொடி முள், விரல் நீளப் புழு, இப்படி நாசூக்காக இறக்கினால்தான் கிட்டவே வரும். மென்மையாகவும் இருக்க வேண்டும், கிழியவும் கூடாது என்றால் எங்கே போவது? கடைசியில் புழுவின் இடுப்பில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டி, முள்ளைப் புழுவில் குத்தாமல் வளையத்துக்கு அடியில் கொடுத்துப் பார்த்தேன். அந்த வாரம், "ஒண்ணு சொல்லணும்ங்க, தப்பா எடுத்துக்கக் கூடாது" என்பது வரை கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். தப்பாக எடுத்துக்கொள்ள நான் யார்? வந்தால் போதும்.

மறுநாளே கடைக்குப் போய், இதைவிட உரமானது வேண்டும் என்று பிடிவாதமாக நின்றுவிட்டேன். ஜெபராஜ் எவ்வளவோ மழுப்பிப் பார்த்தார். நான் நகரவில்லை. கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"இது இழுத்தா முழ நீளத்துக்கு வரும்க்கா. விட்டா பழையபடி ஆயிடும். கிழியாது."

"இத்தன நாளா இத ஏன்யா கண்ணுல காட்டல?"

"கிழியாத புழு வாங்கினவங்க அப்புறம் கடைப் பக்கமே வர்றதில்லக்கா. எனக்கும் யாவாரம் நடக்கணுமில்ல?"

அட பாவி, அவரவர் ஆள் வீடு வந்து சேர்ந்துவிட்டால் அப்புறம் எதற்கு உன் கடைக்கு வருகிறார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு வாங்கினேன். மற்றப் புழுக்களோடு ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பதெல்லாம் உருகி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தார்.

வீட்டில் அதைத் துணி காயப்போடும் கம்பியில் கட்டி ஈயக்குண்டுகளைத் தொங்கவிட்டேன். முறுக்கிப் பிழிந்தேன். கடித்தும் பார்த்தேன், என் பல்தான் ஆடியது. தண்ணீரில் போட்டால் மிதந்தது, அதனால் தலையில் ஒரு குட்டி ஆணியைச் செருகினேன், அமிழ்ந்துவிட்டது. விரலால் அழுத்தினால் காது மடலைப் போல மெத்தென்று இருந்தது. இதைவிட நல்ல புழு உலகத்தில் இல்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வத்தக்குழம்பு வைத்தேன். அவருடைய சட்டையையும் வேட்டியையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டேன். மீனுக்குள்ளிருந்து வருகிற மனுஷன் ஈரத்தோடு தெருவில் நடந்து வர முடியுமா? கரையில் மெஹருன்னிசா பையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்கு வந்துடுவாராக்கா?"

"வராம எங்க போவாரு" என்று சொல்லிவிட்டுப் புழுவை இறக்கினேன்.

விரால் கவ்வியது. கம்பைக் காதில் வைத்தேன்.

"ஒண்ணு சொல்லணும்ங்க, தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று வழக்கம்போல அவசர அவசரமாக வந்தது.

"மெதுவா சொல்லுங்க. இன்னிக்கு அவசரமில்ல. புழு கிழியாது."



"கிழியாதா?"

"கிழியாது."

"அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் இல்லீங்க. நான் இந்த மீன்ல வாடகைக்கு இருக்கறவன். உங்க வீட்டுக்காரர் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு."

எப்போது என்று கேட்டேன்.

"நீங்க மொத தடவ வந்துட்டுப் போன மறுநாள். நான் சாமான் எறக்கறேன், அவரு மூட்டைய வெளிய எடுத்து வச்சிட்டிருந்தாரு."

"எங்க போறேன்னு சொன்னாரா?"

"கேட்டேங்க. யாராவது வந்து கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்கன்னாரு. வேற யாருங்க வருவாங்க, நீங்கதான்."

"எனக்கு ஏதாவது சொல்லிட்டுப் போனாரா?"

"இல்லீங்க. ஒழுகாது, நல்ல காத்தோட்டமா இருக்கும்னு சொன்னாரு. ஆனா அது எனக்குச் சொன்னது."

இதை இத்தனை வருஷம் மறைத்தாயே என்று கேட்க வாயெடுத்தேன், கேட்க முடியவில்லை. பாவம், அவர் வாராவாரம் சொல்லத்தான் ஆரம்பித்தார். "ஆபரேஷன்னு சொன்னீங்களே, இப்ப ஒடம்பு தேவலையா?" என்று விசாரித்தார். தேவலை என்றேன். புருஷனிடம் சொன்னதெல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தர் காதில் போய் இறங்கியிருக்கிறது. எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் வீணாய்ப் போச்சே, வீணாய்ப் போச்சே என்று வாய்விட்டே சொன்னேன். அழுகை வருமென்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை.

புழு மட்டும் கிழிந்திருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். கிழியவில்லை. இழுத்துப் பார்த்தேன், நீண்டது. விட்டேன், பழையபடி ஆனது.

"நானும் துப்பச் சொல்லிப் பாக்கறேங்க, மாட்டேங்குது. ரொம்ப மெத்துனு இருக்கு போல" என்றார் அவர்.

"ஆமா, பாத்துப் பாத்து வாங்கினேன்."

"நல்ல புழுங்க."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. ஆனால் பேச்சும் முடியவில்லை. கம்பைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போனால் வத்தக்குழம்பு இருக்கிறது. அதை யார் சாப்பிடுவது? திரும்பிப் போகவே முடியாது என்று தோன்றியது. தோன்றியது என்ன, தெரிந்துவிட்டது.

மெஹருன்னிசா என் முழங்கையை இடித்தாள்.

"என்னக்கா, சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"எங்க வாங்கின இந்தப் புழுவ? எனக்கும் ஒண்ணு வாங்கணும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். காலையில் குளித்துவிட்டு, தலைகூட ஆறாமல், அண்ணனோடு பேச ஓடி வந்திருக்கிறாள்.

"நீ உப்புப் புழுவே போடு. அண்ணனுக்கு உப்புன்னா உசிருன்னு நீதானே சொல்வ" என்றேன்.

சரிக்கா என்றாள். அவள் புழுவை இறக்கினாள், கவ்வியது, கொஞ்ச நேரத்தில் கிழிந்தது. கம்பைச் சுருட்டிக்கொண்டு சிரித்த முகமாக வீட்டுக்குக் கிளம்பினாள். என் கையிலிருந்த துணிப்பையை அவளிடம் கொடுத்து, அளவு சரியாக இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடு என்றேன்.

கம்பில் மறுபடி குரல் வந்தது.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பக்கத்து மீனு காலியா இருக்குங்க. பாக்கறீங்களா?"

யோசித்தேன். நம் பழக்கம் போகுமா, முதலில் வாயில் வந்தது அதுதான்.

"தண்ணிக் கஷ்டம் உண்டா?"

"தண்ணிக்குக் கொறையே இல்லீங்க. செவுள் பக்கம் அடுப்பு வச்சுக்கிட்டீங்கன்னா பொகையும் அடிக்காது."

"தனியா இருக்கற பொம்பளைக்குக் குடுப்பாங்களா?"

"மீனு அதெல்லாம் கேக்காதுங்க."

கம்பைக் கருவேல மரத்தில் சாய்த்து வைத்தேன். செருப்பைக் கழற்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மதகுப் படியில் இறங்கினேன். பக்கத்து விரால் வந்து வாயைத் திறந்து காட்டியது. சின்னதுதான், ஆனால் ஒரு ஆளுக்குத் தாராளம். சுவரெல்லாம் புதிதாக வெள்ளையடித்திருந்தது. வாசலில் ஈரக் கோலம் இன்னும் காயவில்லை. வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.