சிவப்புக் குறி போட்ட பட்டை

ஒப்பாரியைக் கன்ஷாயிம் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். வெளியே ஷார்பெக்கின் குரல் கேட்டது.

"ஐயோ, என் தம்பி! என் சிங்கமே!"

கம்பை ஊன்றிக் குனிந்து அழுகிறான் சண்டாளன். சரக்கு விமானக் கம்பெனியின் மேலாளர். சாவு வீட்டு வாசலில் ஆண்கள் அப்படித்தான் அழ வேண்டும். இவனுக்கும் யாரோ ஒரு கம்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பளிக் கூடாரத்துக்குள் புருஷனைப் பறிகொடுத்த கன்ஷாயிம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தகரப் பெட்டிக்குள் மெதெர்பெக். விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து, திறக்கக் கூடாதென்று முத்திரை வைத்துத் தந்தார்கள். குளிப்பாட்டக்கூட விடவில்லை. ஆனால் அறிக்கை மட்டும் பெட்டிக்கு முன்பே வந்துவிட்டது. விமானம் மேலேறும்போது சரக்கு பின்னால் சரிந்ததாம், கட்டியவரின் கவனக்குறைவாம். கட்டியவன் மெதெர்பெக். கட்டிவிட்டு அதே விமானத்தில் ஏறியவனும் அவன்தான்.

அவள் முகத்துக்கு நேரே, கூடாரத்தின் மரச்சட்டங்கள் சேருமிடத்தில் சரக்குக் கட்டும் மஞ்சள் பட்டை ஒன்று. சாவுக்காகக் கூடாரம் போட்ட அவசரத்தில் கொழுந்தன் கன்றுக் கொட்டிலிலிருந்து எடுத்து வந்து கட்டியிருக்கிறான். நைந்த பட்டை. அதில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. சரக்கைத் தாங்காது என்று மெதெர்பெக் குறி போட்டுக் கழித்த பதினொன்றில் ஒன்று. மறுபடி யாரும் எடுத்துக் கட்டிவிடக் கூடாதென்று வீட்டுக்கே கொண்டுவந்து போட்டிருந்தான்.

வசந்தத்தில், அவன் இல்லாத நேரமாகப் பார்த்து ஷார்பெக் வந்தான். "பழசையெல்லாம் திருப்பி ஒப்படைக்கணுமாம், குடும்மா." அவனுக்குத் தேநீர் ஊற்றி, பத்துப் பட்டைகளைத் தன் கையாலேயே மடித்துக் கொடுத்தாள் இந்தப் பாவி.

அன்று மெதெர்பெக் கையிலெடுத்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். "அதையே திரும்பக் கட்டச் சொல்லுவாண்டி." மறுநாள் போய்ச் சண்டை போட்டான். இஷ்டமில்லையென்றால் வேலையை விட்டுவிடு என்றார்களாம்.

வெளியே அழுகை முடிந்து ஷார்பெக் பேச ஆரம்பித்தான். "நல்லவன்தான். என்ன, அன்னிக்குக் கொஞ்சம் அசட்டையாக் கட்டிட்டான்."

கன்ஷாயிம் எழுந்தாள்.

"அண்ணி, உக்காருங்க! பெட்டிய எடுக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது." நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள்.

"விடுடி!"

நகத்தாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தாள். சட்டங்களும் மேலே போர்த்திய கம்பளியும் விலகின. இடைவெளியில் ஷார்பெக் தெரிந்தான். பெட்டியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வந்த விசாரணை அதிகாரியும் பக்கத்தில் நின்றார்.

"பத்து எடுத்துட்டுப் போனீங்களே அண்ணே, ஒன்ன விட்டுட்டீங்க."

ஷார்பெக் அவசரமாகக் கை நீட்டினான். "குடும்மா, நான் பாத்துக்கிறேன்."

"ஒங்க கையில ஒரு தடவ குடுத்தது போதும்."

பட்டையை அதிகாரியிடம் நீட்டினாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"விமானம் விழுந்த எடத்துல சிதறிக் கெடந்ததுல நாலு பட்டையில இந்தக் குறி இருந்துச்சு. என்னன்னே தெரியல. யாரும்மா போட்டது?"

"எம் புருஷன். கட்டாதேன்னு போட்டது."

ஷார்பெக் கம்பைக் கீழே வைக்க இடம் தேடினான்.

கன்ஷாயிம் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கட்டுவதற்கு வேறு கயிறு கிடைக்கவில்லை. பெட்டியை எடுக்கும் வரை, விலகிய சட்டங்களை நாத்தனார் இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.