நாற்பத்தொரு கேள்விகள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று செய்த நாற்காலியில் நாற்பத்து மூன்று வயது ஆள் உட்கார்ந்தால் முழங்கால் எங்கே போகும்? மோவாய்க்குத்தான் வரும். டைரக்டரி அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். மடியில் கோப்பு, காதில் பென்சில். அந்தச் சின்னப் பள்ளியின் முன்னறையில் பெரியவர்கள் உட்காரும்படி இருந்த ஒரே நாற்காலியில் யாரோ மீன்தொட்டியைத் தூக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவன் மகள் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் கோத்துக்கொண்டு பாந்தமாக உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது. இதுவரை நாலு ஊர், நாலு பள்ளி. இது ஐந்தாவது ஊர். வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

டைரக்டரி என்பது பட்டப்பெயர். மனைவி மின்நிலையங்களில் டர்பைன் நிறுவும் பொறியாளர். கடைசி போல்ட்டை முறுக்கி, சக்கரம் சரியாகச் சுற்றுகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் கம்பெனி அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவன் இரண்டாவது ஊரிலேயே அந்த வேலைக்கு முழுக்குப் போட்டான். வீட்டைக் கவனிப்பது, சமைப்பது, போகிற இடத்தில் எல்லாம் மகளுக்குப் பள்ளி தேடுவது, இவைதான் இப்போது அவன் உத்தியோகம். சும்மா சொல்லக்கூடாது, அதில் அவன் புலி. எந்த ஊரில் எந்தப் பள்ளி, பஸ் எத்தனை மணிக்கு, கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, போன வருடம் எத்தனை டீச்சர்கள் விட்டுவிட்டுப் போனார்கள், எல்லாம் விரல் நுனியில். மனைவியின் கம்பெனிக் குடும்பங்கள் எங்கே இறங்கினாலும் முதல் போன் அவனுக்குத்தான். "டைரக்டரி, அந்த ஸ்கூல் எப்படிப்பா?"

அவன் தயாரித்து வைத்திருந்த நாற்பத்தொரு கேள்விகள் வேறு ஊர் ஊராகச் சுற்றின. ஒரு விமான நிலையத்தில் முன்பின் தெரியாத அம்மா ஒருத்தி, "அந்த நாப்பத்தொரு கேள்வி நீங்கதானா!" என்று வாயைப் பிளந்தபோது இரண்டு நாளைக்கு அவன் கால் தரையில் பாவவில்லை. எந்தப் பள்ளியில் கால் வைத்தாலும் கோப்பைத் திறந்து ஒன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிப்பான். எதிரே இருப்பவர் முதல்வராக இருந்தாலும் சரி, நாற்பத்தொன்று முடியாமல் எழுந்திருக்க விடமாட்டான்.

திங்கட்கிழமை ஒரு பள்ளி பார்த்தாகிவிட்டது. சுவரெல்லாம் கண்ணாடியாக இருந்ததால் வீட்டில் அதற்குக் கண்ணாடி ஸ்கூல் என்று பெயர் வந்துவிட்டது. நீச்சல் குளம், நாடக அரங்கு, நாற்பது நாட்டுப் பிள்ளைகள். மகளை மூன்று பேர் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். மூவரையும் பார்த்து அளவாகச் சிரித்து, அளவாகப் பதில் சொல்லி, எழுந்து நன்றி சொன்னாள். வெளியே வந்ததும் டைரக்டரி கேட்டான்.

"பிடிச்சிருக்கா?"

"எதுவா இருந்தாலும் எனக்கு ஓகேப்பா."

இந்த ஒரு பதில்தான் அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. மூன்று ஊராக இதே பதில். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அந்த ஸ்கூல் வேண்டாம் என்று தரையில் புரண்டு ஊரைக் கூட்டுகின்றன. இவள் ஒரு தடவையாவது முகத்தைச் சுளிக்கக் கூடாதா? பிடிக்கலை என்று கத்தித் தொலைத்தால் என்ன? கெட்டிக்காரப் பிள்ளை, எங்கே போட்டாலும் முளைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் பாராட்டும்போது அவனும் தலையாட்டுவான். ராத்திரி படுத்தால் தூக்கம் மட்டும் வராது.

கண்ணாடி ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்து செய்தி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இன்றுதான் வெள்ளி. மணி மூன்றரை. ஒரு வார்த்தை அனுப்பினால் முடிந்தது. ஆனால் நேற்று பஸ்ஸில் போகும்போது இந்தச் சின்னப் பள்ளியின் வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரு நீள பெஞ்சைத் தூக்கிக்கொண்டு, பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அது மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி, வெளியூர்ப் பிள்ளைகளையும் சேர்ப்பார்களாம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மகளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

போன் அடித்தது. மனைவி. பின்னால் டர்பைன் சத்தம்.

"ஏங்க, அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் ஒன்னே ஒன்னு பாத்துட்டு..."

"நீங்க ஸ்கூல் பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா? ஒன்னு மூக்கு சரியில்ல, ஒன்னு முழி சரியில்லன்னுக்கிட்டு." சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. "அந்த ஸ்கூலுக்குப் பதினேழு நாட்டுல கிளை இருக்கு, எங்க போனாலும் விட்ட எடத்துலேருந்து படிக்கலாம். ஊர் ஊரா அவள இழுத்தடிக்கிறது நான்தானே. அவளுக்குன்னு என்னால ஆகறது இது ஒன்னுதாங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

அனுப்பிடுறேன் என்றான்.

ஆறாம் வகுப்பு டீச்சர் வந்து உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும். தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தவர் போலிருக்கிறது, முழங்கை வரை பச்சைப் பெயிண்ட். வெளியே தூறல் போட்டதில் மகளின் மஞ்சள் மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டியது.

"கோட்ட அங்க மாட்டிடும்மா, காயட்டும்."

ஜன்னலுக்கு நேர் எதிரே வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே சுவரில் பெயிண்டால் ஒரு பெயர். பிள்ளைகளே எழுதியது என்று கோணல்மாணலைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசிக் கொக்கிக்கு மேலே பெயர் இல்லை. மகள் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு அதில் மாட்டினாள்.

டைரக்டரி கோப்பைத் திறந்து தொண்டையைச் செருமினான். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "சார், நீங்க அப்புறம். முதல்ல அவங்க." பிறகு மகளுக்கு எதிரே ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்கிட்ட எதாவது கேக்கணுமா?"

மகள் பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்தாள். டைரக்டரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அடி சக்கை! அப்பன் பிள்ளை என்றால் இதுவல்லவா! பெருமையை மறைக்கக் குனிந்துகொண்டான்.

"போறதா இருந்தா எத்தன நாளைக்கு முன்னாடி சொல்லணும் மிஸ்?"

"எங்க போறதா இருந்தா?"

"ஸ்கூல விட்டு."

டீச்சர் நிமிர்ந்து டைரக்டரியைப் பார்த்தார். அவன் மடியிலிருந்த கோப்பைப் பார்த்தான். ஒன்றாவது கேள்வி: விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு? இரண்டு: மாற்றுச் சான்றிதழ் எத்தனை நாளில் கிடைக்கும்? மூன்று: நடு வருடத்தில் போனால் மதிப்பெண் பட்டியல் தருவீர்களா? ஒன்பது வரைக்கும் போவதைப் பற்றித்தான். ஊர் ஊராகப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறான், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. கோப்பை மூடினான்.

"அத உங்கப்பாகிட்ட சொல்லிக்கலாம்மா. வேற?"

"போற அன்னைக்கு எல்லாரும் கையெழுத்து போட்ட கார்டு குடுப்பீங்களா?"

"இதுவரைக்கும் யாரும் போனதில்ல. நீ போனா கண்டிப்பா குடுப்போம்."

"இல்ல மிஸ். குடுக்கறதா இருந்தா வேணாம்னு சொல்லத்தான் கேட்டேன்." நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். "கடைசியா ஒன்னு. உங்க கிளாஸ்ல சீக்கிரம் ஊர விட்டுப் போகப்போற பொண்ணு யாராவது இருக்காளா?"

"ஏன்டா?"

"என்னைய அவ பக்கத்துல உக்கார வைங்க. அப்பன்னா ரெண்டு பேரும் போயிடுவோம். யாரும் தனியா இருக்க மாட்டாங்க."

இதையும் அதே அளவான குரலில்தான் சொன்னாள். போன ஊரில் இவளுக்குப் பக்கத்து இருக்கைப் பெண், இரட்டைப் பின்னல் போட்டவள், கடைசி நாளன்று கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு வெளியே வரவே இல்லை. பிள்ளைக்கு வயிற்றுவலியாம் என்று அவன்தான் மனைவியிடம் சொன்னான். விமானத்துக்கு நேரமாகிறது என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததும் அவன்தான். கதவுக்கு வெளியே மகள் எவ்வளவு நேரம் நின்றிருந்தாள் என்று அவன் கேட்கவே இல்லை.

டீச்சர் கையிலிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே யோசித்தார். "மொத்தம் பதினெட்டு பேரும்மா. எல்லாருக்கும் வீடு இந்தத் தெரு, இல்லன்னா அடுத்த தெரு. போறவங்கன்னு யாரும் இல்லையே."

"சரிங்க மிஸ்." மகள் நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். "ரொம்ப தேங்க்ஸ்."

"சார், உங்க கேள்வி?"

"ஒன்னும் இல்லைங்க," என்றான் டைரக்டரி. அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்தது அதுவே முதல் தடவை. திங்கட்கிழமை வரை இடம் இருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். சொன்னது காதில் விழுந்ததா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மகளுக்கு முன்னால் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டான்.

பஸ் நிறுத்தம் பள்ளிக்கு நேர் எதிரே. மணி நாலே முக்கால். தூறல் விட்டபாடில்லை. இருவரும் கூரைக்கு அடியில் நின்றார்கள்.

"கண்ணாடி ஸ்கூல்தான்ப்பா," என்றாள் மகள். அவன் இன்னும் கேட்கக்கூட இல்லை.

மூன்று ஊராக அவன் ஏங்கிய பதில். இதோ, வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"ஏன்டா?"

"அங்க எல்லாரும் போறவங்கதானே. லாக்கர்ல பேரெல்லாம் காந்தத்துல ஒட்டியிருக்கு, பாத்தீங்களா? எடுத்தா கையோட வந்துடும். இங்க பெயிண்ட்டு."

"அத விடு. இந்த ஸ்கூல் உனக்குப் பிடிச்சிருந்துச்சா இல்லையா?"

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மிஸ்ஸுக்கு நகத்துக்குள்ளகூட பச்சை," என்றாள்.

மறுபடி போன். "அனுப்பிட்டீங்களா இல்லையா?"

"அவளே சொல்லிட்டா. கண்ணாடி ஸ்கூல்தானாம்."

"அப்பாடா!" டர்பைன் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "வாயத் தொறந்து சொல்லிட்டாளா! என் தங்கம்! நான் பயந்துக்கிட்டே இருந்தேங்க. ஏன் அதுன்னு சொன்னாளா?"

ஏன் என்று காரணத்தை எப்படிச் சொல்வது? அங்கே அவள் ஏணி மேல் நின்றுகொண்டிருப்பாள். "பஸ் வருது, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டான். பொய்தான். பஸ் வரவில்லை. செய்தியைத் தட்டினான். உறுதி செய்கிறோம். இரண்டே வார்த்தை. கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டு அழுத்தாமல் நின்றான். நாலு ஐம்பத்து நாலு.

பஸ் இப்போது நிஜமாகவே முனையில் திரும்பியது. மகள் எண்ண ஆரம்பித்தாள். இது அவள் பழக்கம். ஆறு வயதில் ஊர் மாறுகிற அன்று டாக்ஸியில் துணி முயலை விட்டுவிட்டாள், திரும்பி வாங்க வழியில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து எந்த இடத்தைவிட்டுக் கிளம்பினாலும் நாலு சாமானையும் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டுத்தான் காலை எடுத்துவைப்பாள். ஐந்து வருடத்தில் ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை.

"பை ஒன்னு. பாட்டில் ரெண்டு. பென்சில் டப்பா மூணு."

நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து தொட்டாள்.

"மூணு."

டைரக்டரி அவளைப் பார்த்தான். சட்டையின் தோள்பட்டை நனைந்திருந்தது. வகுப்பிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து இங்கேயும் அந்தத் தூறலில் கோட்டு இல்லாமலேதான் நடந்து வந்திருக்கிறாள். இருவருமே கவனிக்கவில்லை. இல்லை, அவன் கவனிக்கவில்லை.

பஸ் வந்து நின்று, புஸ்ஸென்று கதவு திறந்தது. ஓட்டுநர் ஏறுகிறீர்களா என்பதுபோலத் தலையை ஆட்டினார். மகள் ஏறவில்லை, திரும்பி ஓடவும் இல்லை. பஸ்ஸின் ஜன்னல்களுக்கு ஊடாக எதிர்ப்பக்கம் அந்த வகுப்பறை தெரிந்தது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில், பெயரில்லாத கொக்கியில், மஞ்சள் கோட்டு நீர் சொட்டிக்கொண்டு தொங்கியது.