வெர்லின் வளைத்த கோடு

1936 ஏப்ரலில் அணையின் மதகுகளை மூடியபோது, டென்னசி மலைகளின் ஸ்வீட்கம் பள்ளத்தாக்கில் தண்ணீர் மேட்டில் ஏறிப்போய் ஓமா டீலின் வீட்டை மூழ்கடித்தது. அதைவிடப் பதினோரு அடி தாழ்வில் இருந்த வெர்லின் ஹஸ்கியின் வீட்டை மட்டும் தொடாமல், மேட்டுப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் சுவராக நின்றுகொண்டது. கெளுத்தி மீன்கள் அவன் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தன. ஒரு வாரம் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. பிறகு சோளம் விதைக்கும் வேலை வந்துவிட்டது.

தண்ணீர் மேல் தப்பில்லை, அது வரைபடத்தில் உள்ளபடி நின்றது. கான்டூர் என்ற சொல் அங்கே எல்லோரிடமும் புழங்கியது. கவுன் தைக்கும் ஓமாவுக்கு அது காகிதத்தில் வெட்டும் இடுப்பு வளைவு. உழவர்களுக்குச் சரிவில் மண் கரையாமல் ஏர் ஓட்டும் வளைவு. அணை அலுவலகத்தில் படம் வரைந்த வெர்லினுக்கோ, ஒரே உயரத்தில் மலையைச் சுற்றிவரும் கோடு. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஏரிக்கு. பேனா தன் வீட்டை நெருங்கியதும் கை வளைந்து வீட்டை வெளியே விட்டது. ஏரியின் பரப்புக் குறையக் கூடாதே என்று மேட்டில் இருந்த ஓமாவின் வீட்டை உள்ளே இழுத்தது. மேலதிகாரி கண்டுபிடித்துத் திட்டுவார் என்றுதான் நினைத்தான். அவர் மூக்குக்கண்ணாடிகூட மாட்டாமல் முத்திரை குத்தினார். காலி செய்யச் சொல்லி ஓமாவுக்கு நோட்டீஸ் வந்தபோது, மேட்டு வீட்டுக்கு எங்கே ஏரி வரப்போகிறது என்று ஊரே சிரித்தது. அவள் வீட்டுச் சாமானையும் எடுக்கவில்லை, கொல்லையில் இருந்த கணவனின் கல்லறையையும் பெயர்க்கவில்லை.

போக்கிடம் இல்லாத அவளுக்கு வெர்லின் தன் வீட்டின் நல்ல அறையைக் கொடுத்தான். பதினோரு வருஷம் தினமும் காலையில் காப்பி போட்டுத் தந்தான். மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் படகில் கூட்டிப்போவான். அவள் மூழ்கிய வீட்டுக்கு மேலே காகிதப் பூக்களைப் போடுவாள். இப்படியொரு நல்ல மனுஷன் உண்டா என்று ஊர் சொல்லும்போதெல்லாம் சோள ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான். பதினோராம் வருஷம் அந்தப் பூ வைக்கும் ஞாயிறன்று, படகில் துடுப்பைக் கீழே வைத்தான்.

"ஓமாக்கா, அந்தக் கோட்டை வளைச்சது நான்தான்."

"தெரியும். நோட்டீஸோட வந்த படத்துலயே பாத்தேன். காலம்பூரா துணி வெட்டுறவ நான், கை எங்க தடுமாறிச்சுன்னு தெரியாதா? தண்ணிக்குமா புத்தி கெட்டுப்போகும்னு இருந்துட்டேன்."

"அப்புறமாச்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் ஏன்டா கேக்கணும்? நீயா சொல்லுவேன்னு பாத்தேன். காப்பி மட்டும் நல்லா போட்ட."

அசல் படம் அவன் பெட்டியில் இருந்தது, வேலையை விட்ட அன்று திருடி வந்தது. வீடு திரும்பியதும் அதை விரித்து, பிளேடால் மையைச் சுரண்டிவிட்டுக் கோட்டை அது ஓட வேண்டிய இடத்தில் ஓடவிட்டான். மை காய்வதற்குள் சமையலறைக் கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. இருவரும் காப்பிக் கெண்டியோடு மேடேறினார்கள். சாயங்காலத்துக்குள் அவன் வீடு முழுகிவிட்டது. மேட்டில் ஓமாவின் வீடு சேறு வழிய வெளியே வந்தது; கல்லறைக் கல் கழுவி வைத்தது மாதிரி இருந்தது. அலுவலக ஆட்கள் வந்து அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

வெர்லின் கோடை முழுக்க அந்த வீட்டில் சேறு அள்ளினான், கொட்டகையில் படுத்தான். ஓமாவிடம் காலி அறை ஒன்று இருந்தது. அவள் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அடுத்த மே மாதம் கணவனின் கல்லறையில் பூ வைத்துவிட்டு, அவனைப் படகில் உட்காரவைத்து அவளே துடுப்புப் போட்டாள். அவன் வீடு இருந்த இடத்துக்கு மேலே வந்ததும் நிறுத்தி, ஒரு காகிதப் பூவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.