முட்டைக்குக் கிடைத்த மரியாதை

பழைய கார்க் கடையின் வாசலில் நின்றிருந்த வெள்ளைக் காரின் பானெட்டை வண்டி வைத்தியர் இரண்டு விரலால் தட்டினார். கண்ணை மூடி, காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு டயருக்கு ஓர் உதை. புகைக்குழாயில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு. கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில், "ம்ம்ம்..." என்றார்.

அந்த "ம்ம்ம்" வராமல் அவர் குடும்பத்தில் யாரும் கார் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. மனுஷர் உத்தியோகம் பார்த்ததென்னவோ தண்ணீர் வரி அலுவலகத்தில்தான். ஆனால் ரிட்டயர் ஆனதிலிருந்து சொந்தக்காரர்களின் கார்களுக்கெல்லாம் நாடி பிடிப்பதே தொழிலாகிவிட்டதால், வண்டி வைத்தியர் என்ற பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வைத்தியரின் சொந்தக் கார் அன்றைக்குப் பட்டறையில் கிடந்தது. அதைப் பற்றி மட்டும் யாரும் பேசக் கூடாது.

"டாக்டரம்மா ஓட்டின வண்டி சார்! ஆஸ்பத்திரி, விட்டா வீடு. வேற எங்கயும் போனதே இல்ல," என்றார் கடைக்காரர். அவர் அதுவரை விற்ற கார்களை எல்லாம் எண்ணிப் பார்த்தால், அந்த ஊரில் நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகம்.

வைத்தியர் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். கார் வாங்க வந்த அவருடைய தங்கச்சி இன்ஜின் பக்கமே வரவில்லை. பின் சீட்டில் முழங்கால் போட்டு, சீட்டின் இடுக்குக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இன்ஜின் முன்னாடி இருக்கு," என்றார் கடைக்காரர், பணிவாக.

"தெரியும்ங்க," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே எடுத்துப் போட்டாள்: ஒரு சீப்பு, மூடியில்லாத பேனா, கல்லாகிப்போன அரை பிஸ்கட், ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. இதற்கு முன் பார்த்த மூன்று கார்களிலும் இதே கூத்துதான். ஒன்றில் யாரோ தொலைத்த பல்செட்டு பாதி கிடைத்தது. அவள் தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

"என்ன பாப்பா தேடற? புதையலா?"

"பின் சீட் பெல்ட்டோட பூட்டு அண்ணா."

கடைக்காரர் சிரித்தே விட்டார். "பின் சீட்டுக்கா? அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா வச்சு அனுப்பறது மேடம். உக்காந்தா குத்துதுன்னு எல்லாரும் உள்ள தள்ளிக் கவர் போட்டுருவாங்க."

தங்கச்சி வெளிநாட்டில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, கணவன், இரட்டைப் பெண் குழந்தைகள் சகிதம் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. மாப்பிள்ளையின் கார் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வீடு திரும்பும். அதனால்தான் இந்த இரண்டாவது கார். சாயங்காலம் அதை எடுத்துப்போய்ப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பை வைத்தியர் சண்டை போட்டு வாங்கியிருந்தார். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அவரைப் போனில்தான் பார்த்தார்கள். அவருக்குப் போனை நேராகப் பிடிக்கத் தெரியாததால், அவர்கள் பார்த்ததெல்லாம் ஒரு நெற்றியைத்தான். ஊருக்கு வந்து இறங்கிய அன்று, "நெத்தி மாமா!" என்று இரண்டும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டபோது மனுஷர் உருகிவிட்டார். பள்ளி வாசலில் போய் நிற்பதற்கென்றே புதுக் கூலிங் கிளாஸ் வாங்கி வைத்திருந்தார்.

"கெடச்சிருச்சு!" என்று தங்கச்சி கத்தினாள். இடுக்கின் ஆழத்திலிருந்து பூட்டுகள் ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன. பெல்ட்டின் மேல் தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியவில்லை.

கடைக்காரர் நொடியில் கட்சி மாறினார். "பாத்தீங்களா மேடம்? புத்தம் புதுசு! ஒரு தடவகூடப் போட்டதில்ல!"

"சரி, ஓட்டிப் பாத்துரலாம்," என்றார் வைத்தியர். தங்கச்சி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். வைத்தியர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தன் ஆயுதத்தை எடுத்து, பெல்ட் பூட்டில் செருகினார்.

அதன் பெயர் வாய்ப்பூட்டு. பெயர் வைத்ததும் அவர்தான். பெல்ட் போடாவிட்டால் வண்டி கிணிங் கிணிங் என்று கத்துமல்லவா? பெல்ட் நுனியில் இருக்கும் இரும்பு நாக்கை மட்டும் கடையில் தனியாக விற்கிறார்கள். அதைப் பூட்டுக்குள் செருகினால் வண்டி ஏமாந்துபோய் வாயை மூடிக்கொள்ளும். சொந்தத்தில் யார் கார் எடுத்தாலும் வைத்தியர் ரிப்பன் கட்டி ஒரு வாய்ப்பூட்டு பரிசளிப்பார்.

"அண்ணா, அத எடுத்துட்டு பெல்ட்டப் போடுங்க."

"இஸ்திரி போட்ட சட்ட பாப்பா, கசங்கிரும். அதுவும் இல்லாம, நீ ஓட்டும்போது நான் பெல்ட் போட்டா உன்மேல நம்பிக்க இல்லன்னு அர்த்தம். அந்த அவமரியாதைய நான் செய்ய மாட்டேன்."

"பிள்ளைங்களக் கூட்டிட்டு வரும்போது?"

"நாப்பது வருஷமா ஓட்டறேன். வண்டில ஒரு கீறல் உண்டா?"

"அப்ப சரி," என்றாள் தங்கச்சி, குரலை உயர்த்தாமல். "நான் ஸ்கூல் வேனுக்குச் சொல்லிடறேன். பெல்ட் போடாத மாமாகூட எம்பிள்ளைங்க வராது."

ஸ்கூல் வேன்! வைத்தியருக்கு நெஞ்சில் யாரோ ஜாக்கி வைத்துத் தூக்கியது போல் இருந்தது. ஆனாலும் கடைக்காரர் முன்னால் இறங்கிப்போவதா? "பாத்துக்கலாம், ஓட்டு," என்றார் விறைப்பாக.

தங்கச்சி கடைக்கு வரும் வழியில் முப்பது முட்டை வாங்கியிருந்தாள். மூடி போட்ட கூடையில் இருந்த அவற்றைப் பின் சீட்டில் வைத்து, கூடையின் கைப்பிடிக்குள் பெல்ட்டைக் கோத்து இறுக்கிப் பூட்டியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த கடைக்காரருக்குத் தாங்கவில்லை.

"முட்டைக்குமா மேடம் பெல்ட்டு?"

"உங்களுக்கும் இருக்கு. போடுங்க."

"அட, நான் என்ன முட்டையா?"

வைத்தியரும் கடைக்காரரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணாடி நடுங்கியது. ஊர் மாறி வந்த தங்கச்சி, பாதையைப் பழகிக்கொண்டு, ஒரு நல்ல சைக்கிள் போகிற வேகத்தில்தான் ஓட்டினாள். "இதுக்குப் போயா பெல்ட்டு! இறங்கி நடந்தா நாம முன்னாடி போய்ச் சேந்துருவோம்," என்று வைத்தியர் பின்பக்கம் கண்ணடித்தார்.

அப்போதுதான் வாழ்க்கையில் எந்த அவசரமும் இல்லாத ஒரு நாய், நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து நடுத்தெருவுக்கு வந்து, உட்கார்ந்து, காதைச் சொறியத் தொடங்கியது.

தங்கச்சி பிரேக்கை மிதித்தாள்.

கார் நின்றது. கார் மட்டும்தான் நின்றது. கடைக்காரர் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே பாய்ந்து வந்து, மூட்டை மாதிரி கியரின்மேல் கவிழ்ந்தார். வைத்தியரின் நெற்றி முன் கண்ணாடியில் மோதிய சத்தம் கேட்டு நாயே சொறிவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. காலையில்தான் தலைக்கு மை பூசியிருந்தார். கண்ணாடியில் அவர் முன்மண்டையின் படம் கறுப்பாக அழகாகப் பதிந்திருந்தது. கைரேகை நிபுணர்கூட அவ்வளவு சுத்தமாக எடுக்க முடியாது.

"அண்ணா! அண்ணா, என்ன ஆச்சு?" தங்கச்சி பதறினாள். அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

வைத்தியரின் நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. "பிரேக்... பிரமாதம்," என்றார்.

"யாராவது என்னைய எடுத்து விடுங்க," என்று கீழேயிருந்து கடைக்காரர் முனகினார்.

வைத்தியர் மெல்லத் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். கூடை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கையை நீட்டி மூடியைத் திறந்தார். ஒரு முட்டையில்கூடக் கீறல் இல்லை. முப்பதும் அவரைப் பார்த்துச் சிரிப்பது போல் இருந்தது.

பிறகுதான் அவர் கண் பக்கத்து இடத்துக்குப் போனது. அது காலி. சற்று முன் அங்கே எண்பது கிலோ எடையில் ஒரு மனிதர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அந்த இடத்தில் புத்தகப் பையோடு உட்காரப்போவது யார் என்று நினைத்தவருக்கு, அதற்குமேல் நினைக்க முடியவில்லை. நெற்றி வலியே மறந்துபோனது.

வாய்ப்பூட்டைப் பிடுங்கினார். வண்டி கிணிங் கிணிங் என்று கத்தத் தொடங்கியது.

"கத்தட்டும். நல்லாக் கத்தட்டும்," என்றார். பெல்ட்டை இழுத்தார். அது பல வருஷத் தூசியோடு வந்து, வெள்ளைச் சட்டையின் குறுக்கே தோளிலிருந்து இடுப்புவரை பட்டையாக ஒரு சாம்பல் கோடு போட்டது. பூட்டில் 'டக்' என்று விழுந்ததும் வண்டி அமைதியானது.

"ஸ்கூல் வேனுக்குச் சொல்லிடாத பாப்பா," என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

கியரிலிருந்து மீண்ட கடைக்காரரும் சத்தமில்லாமல் பின்னால் போய் முட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் தாளைக் கிழித்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அவர் சும்மா இருக்கும் ஆளா? மறுநாளே கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'இங்கே எல்லா வண்டியிலும் பின் சீட் பெல்ட் வெளியே எடுத்து வைக்கப்பட்டுள்ளது.' அந்தச் சாக்கில் விலையையும் ஏற்றிவிட்டார் என்பது வேறு கதை.

தங்கச்சி அந்த வெள்ளைக் காரையே வாங்கினாள். வைத்தியர் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்த் தான் கொடுத்த வாய்ப்பூட்டுகளைத் திரும்பக் கேட்டார். பரிசாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மனுஷனா இவர் என்று இரண்டு வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நெற்றியைத் தடவிக் காட்டினார். கொடுத்துவிட்டார்கள்.

பள்ளி திறந்த முதல் நாள், எல்லோரும் ஒன்றாய்ப் போகலாம் என்று மாப்பிள்ளையும் விடுப்பு எடுத்திருந்தார். பெல்ட், கூலிங் கிளாஸ் சகிதம் வைத்தியர் டிரைவர் சீட்டில். பின்னால் அம்மாவின் இரண்டு பக்கமும் பிள்ளைகள். 'டக்', 'டக்', 'டக்' என்று மூன்று சத்தம். மாப்பிள்ளை மட்டும் முன் சீட்டில் சாவகாசமாகச் சாய்ந்திருந்தார். வெளிநாட்டில் அபராதத்துக்குப் பயந்து பெல்ட்டோடு பிறந்தவர் மாதிரி இருந்தவர்தான். ஊர் வந்த விமானத்தில் கழற்றிய பெல்ட்டை அப்புறம் அவர் தொடவே இல்லை.

கிணிங் கிணிங்.

"மாப்ள, பெல்ட்டு."

"இதோ இருக்கற பள்ளிக்கூடம்தான மச்சான்? இங்க யாரு புடிக்கப் போறாங்க?"

வைத்தியர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். கூலிங் கிளாஸைக் கழற்றினார். வீக்கம் வடிந்து இன்னும் நீலம் மாறாத நெற்றியை மாப்பிள்ளை முகத்துக்கு நேரே கொண்டுபோனார்.

"போலீசு புடிக்கறதுக்கு இல்ல மாப்ள, பெல்ட்டு நம்மளப் புடிச்சுக்கறதுக்கு. அங்க இருந்த தலதான இங்கயும் இருக்கு? பக்கமோ தூரமோ, முன் சீட்டோ பின் சீட்டோ, போட்டுட்டுத்தான் வண்டி நகரணும். உங்க பொண்டாட்டி முட்டைக்குக் குடுத்த மரியாதைய உங்க மண்டைக்கு நீங்க குடுக்கக் கூடாதா?"

"நெத்தி மாமா சொன்னாப் போடணும்ப்பா!" என்றன பின்னாலிருந்து இரண்டு குரல்கள்.

'டக்'.

வண்டி கிளம்பியது.